பூசணம் பூத்தால் பொன் விளையுமா?



தலைப்பைப் பார்த்ததும், "என்னப்பா இது, ஆர்ட்ஸ் காலேஜ் பாட்டனிக்காரன் எழுத வேண்டியதை நம்ம மலர்ல போட்டிருக்கான்" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். லேத் ஓட்டுகிறவனுக்கும், பேனல் போர்டில் வயர் இழுக்கிறவனுக்கும், வெயிலில் நின்று லெவல் எடுக்கிறவனுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான் இது. எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமை!

நம் மாவட்டத்தில் "மருந்து" என்று சொன்னால் வெளியூர்க்காரர் மாத்திரையை நினைப்பார். நமக்கு அது வெடிமருந்து. மழை ஏமாற்றும் இந்த வறண்ட பூமியில், அந்த வறட்சியையே மூலதனமாக்கி, 1920-களில் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலை ஊன்றினார்கள். தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும்தான் நம்மில் எத்தனையோ பேருக்கு ஃபீஸ் கட்டியிருக்கின்றன. என் வீட்டிலும் அப்படித்தான். ஆகவே அந்தத் தொழிலைத் திட்டுவதற்காக நான் பேனா எடுக்கவில்லை.

ஆனால் 2012 செப்டம்பர் 5-ஐ மறக்க முடியுமா? முதலிப்பட்டியில் அன்று ஒரே விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை போட்டு, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும், ஒவ்வொரு தீர்ப்புக்குப் பிறகும், மேடை ஏறுகிறவர்கள் "மாற்றுத் தொழில் வேண்டும்" என்று முழங்குகிறார்கள். மாலையைக் கழற்றியதும் இறங்கிப் போய்விடுகிறார்கள். என்ன தொழில்? அதற்கு எந்த மெஷின்? சரக்கை வாங்குகிறவன் யார்? இதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

சரி, செமினாரில் எல்லாம் அடிபடுகிற ஒரு மாற்றுத் தொழிலை எடுத்துத் தலைகீழாகப் புரட்டிப் பார்ப்போம் என்று தோன்றியது. விவசாயக் கழிவில் பூஞ்சை வளர்த்து, ஆலைகளுக்கு வேண்டிய என்சைம் எடுப்பது. என் கட்சி இதுதான்: தொழில் நல்ல தொழில். ஆனால் அவர்கள் சொல்கிற காரணத்துக்காக அல்ல. அதை நிமிர்த்தி நிறுத்தப் போகிறவர்கள் உயிரியல் படித்தவர்கள் மட்டும் அல்ல. டிப்ளமோ படித்த நாம்தான்.

முதலில் பூசணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. மழைக்காலத்தில் மூலையில் கிடந்த செருப்பில், நாள்பட்ட ரொட்டியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்குமே, அதேதான். அதற்கு வாயும் கிடையாது, வயிறும் கிடையாது. நாம் சாப்பிட்டுவிட்டு ஜீரணிக்கிறோம். அது ஜீரணித்துவிட்டுச் சாப்பிடுகிறது! தான் உட்கார்ந்திருக்கும் பொருளின் மேல் நொதிகளைத் துப்பும். மாவுச்சத்தும் நாரும் புரதமும் அங்கேயே கரைந்து சிறு துண்டுகளாகும். பிறகு உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் துப்பலைத்தான் வடித்தெடுத்து என்சைம் என்று விற்கிறார்கள். மாவுச்சத்தை உடைப்பது அமைலேஸ், பருத்தி நாரை உடைப்பது செல்லுலேஸ், புரதத்தை உடைப்பது புரோட்டியேஸ். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

இது புதுசும் இல்லை. ஜப்பான்காரர்கள் சோயா சாறுக்கும் அரிசி மதுவுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பூசணம் வளர்த்தவர்கள். அந்த நாட்டில் பிறந்த தாகாமினே ஜோகிச்சி என்பவர் அமெரிக்காவுக்குப் போய், கோதுமைத் தவிட்டில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையை வளர்த்து, அதிலிருந்து எடுத்த நொதிக்கு 1894-ல் காப்புரிமை வாங்கினார். 'தாகா டயஸ்டேஸ்' என்ற பெயரில் ஜீரண மருந்தாக அது விற்றது. கவனியுங்கள்: தவிடு! நூறு வருஷத்துக்கு முந்தியே தவிடுதான்.

இன்னொரு கதை இதைவிட ருசியானது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலின் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரத் துணிகள் இற்றுப் போயின. எந்தப் பாவி இதைத் தின்கிறான் என்று தேடியபோது அகப்பட்டது ஒரு பூஞ்சை. அதற்கு இன்று டிரைக்கோடெர்மா ரீசை என்று பெயர். ரீஸ் என்ற ஆராய்ச்சியாளரைக் கௌரவித்து வைத்தது. துணியைத் தின்ற அந்தத் திருடனின் வகையறா தருகிற செல்லுலேஸைத்தான் இன்று பின்னலாடை ஆலைகளில் துணிக்கு மெருகு ஏற்றப் பயன்படுத்துகிறார்கள். பனியன் துணியில் எழும்பி நிற்கும் பிசிறுகளை மட்டும் அது கடித்து எடுத்துவிடுகிறது. திருப்பூரில் வேலை பார்க்கும் நம் சீனியர்களைக் கேளுங்கள், 'பயோ வாஷ்' என்று சொல்வார்கள்.

நம் தமிழ்நாட்டுக்கே வருவோம். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார், கோதுமைத் தவிட்டில் ஒரு பூஞ்சையை வளர்த்து, தோலிலிருந்து முடியை நீக்கும் புரோட்டியேஸை எடுத்த விவரத்தை 1991-லேயே உலகப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். வழக்கமாக முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போடுவார்கள். அந்தத் தண்ணீர் போகிற இடமெல்லாம் நாசம். வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-ல். அதாவது வழக்கின் தீர்ப்பு வருமுன்பே மாற்று வழி ஆய்வுக்கூடத்தில் தயாராக இருந்திருக்கிறது! செங்கோட்டையைத் தாண்டினால் கேரளா. அங்கே திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய அரசின் ஆய்வகத்தில் 2004 வாக்கில் தேங்காய்ப் புண்ணாக்கில் பூஞ்சை வளர்த்து அமைலேஸ் எடுத்துக் காட்டினார்கள். ராஜபாளையத்திலிருந்து பஸ் பிடித்தால் போய்விடுகிற தூரம்.

அப்படியானால் ஏன் நம் ஊரில் ஒரு ஷெட் கூட முளைக்கவில்லை?

"கழிவுக்குப் பஞ்சமா நம்ம ஊர்ல?" என்று கேட்பார்கள். இங்கேதான் மேடைப் பேச்சு சறுக்குகிறது. விருதுநகர் பருப்பு மில்களில் விழும் உளுந்தம் பொட்டும் துவரம் பொட்டும் கழிவா? போய்க் கேட்டுப் பாருங்கள்! மாட்டுத் தீவனத்துக்கு மூட்டை போட்டு விலை பேசி வைத்திருப்பார்கள். தவிட்டுக்கும் விலை, புண்ணாக்குக்கும் விலை. பருத்திமாரை யாரும் விற்பதில்லை என்றால் அது அடுப்புக்குப் போகிறது என்று அர்த்தம். சிவகாசி ஆபீசெட் அச்சகங்களில் கட்டிங் மெஷினில் விழுகிற காகிதத் துண்டு முதற்கொண்டு எடைக்குப் போய்விடுகிறது. நம்ம சனம் எதையும் வீணாக்குகிற சனம் இல்லை. ஆகவே "ஓசியில் கிடைக்கும் கழிவு, கோடியில் விற்கும் என்சைம்" என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். மாட்டுக்குப் போகிறதை நாம் எடுத்தால் மாடு வளர்க்கிற அம்மாவுக்கு விலை ஏறும். இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

என்னைக் கேட்டால், முத்து உதிர்த்த பிறகு மிஞ்சும் மக்காச்சோளக் கதிர்க் கட்டையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்பேன். மக்காச்சோளம் நம் மானாவாரிக் காடுகளில் நன்றாகவே வருகிறது. அந்தக் கட்டையில் சைலன் என்ற நார்ச்சத்து நிறைய. அதை உடைக்கும் சைலனேஸுக்குக் கோழித் தீவன ஆலைகளில் வேலை உண்டு. நாமக்கல் எவ்வளவு தூரம்? தீவனத்துக்கென்றால் நொதியைப் பளிங்காகச் சுத்தம் பண்ண வேண்டியதும் இல்லை. சரக்கு ஒரே தரமாகவும் விஷமில்லாமலும் இருந்தால் போதும். ஜவுளிக்கான அமைலேஸில் போட்டி கடுமை. கொதி நிலைக்குப் பக்கத்தில்கூடத் தாங்குகிற அமைலேஸ்கள் பாக்டீரியாவிலிருந்து வருகின்றன. பூஞ்சை அமைலேஸ் அந்தச் சூட்டுக்கு நிற்காது. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியில் கஞ்சி எடுக்க நம் சரக்கைக் கொடுக்கலாமே என்று எனக்கும் ஆசைதான். ஆனால் ஆசையை வைத்து ஆர்டர் பிடிக்க முடியாதே!

இப்போது நம் வேலைக்கு வருகிறேன்.

முறை என்னவென்று கேட்டால் சமையல் குறிப்பு மாதிரிதான் இருக்கும். தவிட்டை நனைத்து, உப்புச் சத்துகள் சேர்த்து, பாதிக்குப் பாதி ஈரம் இருக்கும்படி பிசற வேண்டும். பிறகு 121 டிகிரியில், 15 பவுண்டு அழுத்தத்தில் ஆவி கட்டி, மற்றக் கிருமிகளைக் கொல்ல வேண்டும். ஆறவைத்து, பூஞ்சை வித்துகளைத் தூவி, தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, 30 டிகிரி வாக்கில் ஈரமான அறையில் மூன்று முதல் ஏழு நாள். கேட்க என்னமோ இட்லி மாவு புளிக்க வைக்கிற மாதிரி இருக்கிறது. இரண்டு கிலோவுக்கு அப்படித்தான். நூறு கிலோ போட்டுப் பாருங்கள், கதை கந்தல்!

ஏன்? வெப்பம். தெர்மல் பேப்பரில் பாஸ் பண்ணினவர்கள் என்னோடு கணக்குப் போடுங்கள். பூஞ்சை மூச்சு விடுகிறது. மூச்சு என்றாலே எரிப்பு. குளுகோஸ் ஒரு கிலோ முழுவதும் எரிந்தால் சுமார் 15.6 மெகா ஜூல் வெளியே வரும். நூறு கிலோ தவிட்டில், வளரும் நாட்களில் பத்து கிலோ அளவுக்கு அப்படி எரிந்து போனது என்று வைத்துக்கொள்வோம். 156 மெகா ஜூல்! ஐந்நூறு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க அது போதும். இத்தனை சூடும் தவிட்டுக்கு உள்ளே பிறக்கிறது. தவிடோ வெப்பத்தை லேசில் கடத்தாது. நடுவில் சூடு தங்கிவிடும். 30 டிகிரி கேட்ட பூஞ்சைக்கு 45 டிகிரி கொடுத்தால் அது நொதியைத் துப்புமா, உயிரை விடுமா?

சரி, காற்றடித்து ஆற்றலாம் என்றால், காற்று ஈரத்தைக் கொண்டு போய்விடும். தவிடு காய்ந்தால் வளர்ச்சி நின்றது. தண்ணீர் தெளிக்கலாம் என்றால், அதிகமானால் கட்டி கட்டிப் போய்க் காற்று நுழையாது, வேண்டாத பாக்டீரியா குடியேறும். கிளறிவிடலாம் என்றால் பூஞ்சையின் இழைகள் அறுந்து போகும். ஆக, ஈரம் நிறைந்த காற்றை, சரியான வேகத்தில், தட்டின் எல்லா மூலைக்கும் ஒரே மாதிரி அனுப்ப வேண்டும். இது பாட்டனியா? ஃபேன், டக்ட், சென்சார், கன்ட்ரோல்! மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லோன்சேன் முதலியவர்கள் 1985-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். அதன் தலைப்பே இந்தத் திடநிலை நொதித்தலின் 'பொறியியல் அம்சங்கள்' பற்றியதுதான். முடிச்சு எங்கே இருக்கிறது என்று அவர்கள் அப்போதே கையைக் காட்டிவிட்டார்கள்.

அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரிந்த கைகள் இந்த மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கின்றன என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ராஜபாளையம் ஸ்பின்னிங் மில்களில் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட் பார்க்கிற நம் சீனியர்கள் என்ன செய்கிறார்கள்? காற்றைக் கழுவி, ஈரமாக்கி, நூல் அறாத அளவுக்கு ஹால் முழுவதும் ஒரே ஈரப்பதத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணைக் கொஞ்சம் கூட்டினால் பூஞ்சை அறை. மில்லில் பாய்லர் பார்த்தவனுக்கு 15 பவுண்டு நீராவி ஒரு பொருட்டா? மருந்தை மெல்லிசாகப் பரப்பி, ஓர் அறைக்கு இத்தனை பேர், ஒரு நேரத்துக்கு இவ்வளவு சரக்கு என்று கணக்காக வேலை செய்து பழகிய சிவகாசிக் கைகளுக்குத் தட்டு ஒழுங்கைச் சொல்லித் தரவா வேண்டும்? கடைசியில் சரக்கை 40 டிகிரிக்குள் உலர்த்தி எடுக்க வேண்டும். சூடு கூடினால் நொதி செத்துவிடும். அதற்கு நம் வறண்ட காற்றைவிடத் தோதான காற்று தமிழ்நாட்டில் வேறு எங்கே?

அடுத்தது அளவு. பட்டாசு வெடித்ததா இல்லையா என்பது காதுக்குத் தெரியும். என்சைம் பவுடரைக் கையில் வைத்துக்கொண்டு, இது நல்லதா கெட்டதா என்று எவனாலும் சொல்ல முடியாது. அதை யூனிட் கணக்கில்தான் வாங்குவார்கள், கிலோ கணக்கில் அல்ல. செல்லுலேஸை அளக்க 50 மில்லிகிராம் வடிதாள் துண்டை 50 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, எவ்வளவு சர்க்கரை பிறந்தது என்று பார்க்கிற முறை உலகமெங்கும் நடக்கிறது. அதை 1987-ல் ஒழுங்குபடுத்தி எழுதியவர் டெல்லி ஐ.ஐ.டி.யின் கோஷ், நம் நாட்டுக்காரர்! ஒரு கலரிமீட்டரும் கொதிநீர்த் தொட்டியும் இருந்தால் சர்க்கரையை அளந்துவிடலாம். போன பேட்சில் இருந்த அதே யூனிட் இந்த பேட்சிலும் இருக்கிறதா? திருப்பூர்க்காரர் கேட்கப் போவது இந்த ஒரு கேள்வியைத்தான். செல்லுலேஸ் ஒரு மடங்கு கூடினால் பிசிறோடு துணியும் சேர்ந்து இற்றுவிடும். அவர் நஷ்டத்துக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆபத்தே இல்லாத தொழில் என்றும் நான் சொல்ல மாட்டேன். இங்கே வெடிக்காது, அவ்வளவுதான். 1960-களின் கடைசியில் சோப்புத்தூள் ஆலைகளில் என்சைம் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்தது. 1969-ல் மருத்துவப் பத்திரிகைகளில் அது பதிவானது. அதன் பிறகே தூசி பறக்காத குருணையாக என்சைமை உருட்டிக் கொடுக்கும் வழக்கம் வந்தது. மருந்துத் தூசியிலிருந்து நம் ஆட்களை வெளியே கொண்டுவந்து இன்னொரு தூசியில் தள்ளினால் அதற்குப் பேர் மாற்றுத் தொழிலா? ஆகவே நம் ஷெட்டில் முதல் நாளிலிருந்தே முகமூடியும் தூசி உறிஞ்சும் வசதியும் இருக்க வேண்டும். முடிந்தவரை திரவமாகவே விற்க வேண்டும்.

அதேபோல், வீட்டு ரொட்டியில் பூத்ததைச் சுரண்டி வந்து வளர்ப்பது கூடவே கூடாது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் வகைகள் பல அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். கடலையும் வத்தலும் ஏற்றுமதி செய்கிற விருதுநகர் வியாபாரிகளுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். தோல் ஆராய்ச்சிக்காரர்கள் பயன்படுத்தியதும் அதே இனத்தின் ஒரு வகைதான். இனம் ஒன்றானாலும் வகைக்கு வகை குணம் மாறும். சோதித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். சண்டிகரில் மத்திய அரசின் நுண்ணுயிர்ச் சேகரிப்பு நிலையம் இருக்கிறது. குணம் தெரிந்த தாய் வித்தைக் கல்லூரி மூலம் எழுதி விலைக்கு வாங்கலாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழில் பட்டாசுக்குப் பதில் ஆகாது. ஒரு என்சைம் ஷெட்டுக்கு வேண்டியது ஒரு சிறு பட்டாளம்தான். பட்டாசும் தீப்பெட்டியும் இத்தனை கிராமங்களுக்குப் போடுகிற சோற்றை இது போடாது. ஆனால் டிப்ளமோவை முடித்த கையோடு, சர்டிபிகேட் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் கான்ட்ராக்ட் வேலைக்கு பஸ் ஏறுகிறோமே, அதில் பத்துப் பேர் இறங்கிக்கொள்ள இங்கேயே ஒரு ஸ்டாப்பிங் கிடைக்கும். அந்தப் பத்துப் பேர் பெரிய எண்ணிக்கை இல்லை என்கிறவர்கள், அந்தப் பத்து வீட்டிலும் போய்க் கேட்கட்டும்.

ஃபைனல் இயர் புராஜெக்ட் என்று நாம் என்ன செய்கிறோம்? மதுரைக்குப் போய், ரெடிமேடாக ஒன்றை வாங்கி, பெயின்ட் அடித்து, வைவா முடிந்ததும் ஸ்டோர் ரூமில் அடைக்கிறோம். யாரையும் குத்திக் காட்டவில்லை, ஊரறிந்த சங்கதி. இந்த வருஷம் ஒரு குழு இதைச் செய்யட்டும் என்று சங்கத்தின் முன் வைக்கிறேன். உள்ளே தெர்மகோல் ஒட்டிய ஓர் அலமாரி. ஐந்து அலுமினியத் தட்டுகள். ஈரக்காற்றுக்கு ஒரு சிறு ஃபேனும் தண்ணீர்த் தொட்டியும். தட்டுக்கு ஒன்றாகவும் வெளியே ஒன்றாகவும் ஆறு தெர்மோகப்பிள். முதல் தட்டில் ஒரு சென்டிமீட்டர் கனம் தவிடு, அடுத்ததில் இரண்டு, இப்படியே ஐந்து வரை. கிருமி நீக்கமும் வித்துத் தூவலும் பக்கத்துக் கல்லூரி மைக்ரோபயாலஜி துறையின் மேற்பார்வையில். எழுபத்திரண்டு மணி நேரம், மணிக்கு ஒரு ரீடிங். பிறகு ஐந்து தட்டிலும் தனித்தனியே நொதியை அளக்க வேண்டும். எந்தக் கனத்தில் உள்சூடு கட்டுக்கடங்காமல் போய் யூனிட் விழுகிறது என்று நம் ஊர்க் காற்றில், நம் ஊர்த் தண்ணீரில் கிடைக்கும் அந்த ஓர் எண்தான் ஷெட்டின் நீள அகலத்தைத் தீர்மானிக்கும். தவிட்டில் தேறினால் மக்காச்சோளக் கட்டைத் தூள்.

மெக்கானிக்கலில் இரண்டு பேர், எலெக்ட்ரிக்கலில் இரண்டு பேர், இன்ஸ்ட்ருமென்டேஷன் தெரிந்த ஒருவர் போதும். ராத்திரி இரண்டு மணி ரீடிங்குக்கு மட்டும் ஹாஸ்டல்காரர்கள் யாராவது பெயர் கொடுக்க வேண்டும்; எங்களைப் போல் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அந்த நேரத்தில் வண்டி கிடையாது. வார்டனிடம் பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.